படியேறுவதா, தாவுவதா?

போன ஆண்டு ஒரு பள்ளியின் மரம் நடும் விழாவுக்குக் குழுப்பாட்டு ஒன்று வேண்டும் என்று கேட்டார்கள். எட்டிலிருந்து பத்து வயது வரை ஐம்பது பிள்ளைகள். துணைக்கு ஒரு ஹார்மோனியமும் ஒரு டோலக்கும். பாட்டையும் என்னையே எழுதச் சொல்லியிருந்தார்கள். "விழாத மரமே, வேரைக் காட்டு" என்று முதல் வரி அமைந்த அன்று இரவே அதற்கு இரண்டு மெட்டுகளும் வந்துவிட்டன. ஒன்று ஸ ரி க ம என்று பக்கத்து ஸ்வரத்திலேயே கால் வைத்து நடந்தது. மற்றது "வி"யைக் கீழ் ஸ-வில் தொட்டுவிட்டு "ழா"வுக்கு நேராக மேல் ஸ-வில் போய் நின்றது. இரண்டும் சங்கராபரண ராகம்தான், தாளமும் ஒன்றுதான். ஆனால் பாடிப் பார்த்தால் இரண்டு வேறு பாட்டுகள்.

எதை வைத்துக்கொள்வது? மெட்டுப் போடப் பழகுகிற எல்லோருக்கும் வருகிற கேள்வி இது. அந்த ஒரு வாரம் நான் பாடியும் வாசித்தும் எடைபோட்டுப் பார்த்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அளவைச் சொல்லிவிடலாம். கீபோர்டில் கறுப்பையும் வெள்ளையையும் சேர்த்து எண்ணினால், ஒரு ஸ-விலிருந்து மேல் ஸ-வுக்குப் பன்னிரண்டு ஸ்தானம், இந்தத் தூரம்தான் ஒரு ஸ்தாயி. சங்கராபரணத்தில் பக்கத்துப் பக்கத்து ஸ்வரங்களுக்கு நடுவில் ஒன்றோ இரண்டோ ஸ்தானம்தான் இருக்கும். அப்படி நகர்வதைப் படி என்று வைத்துக்கொள்வோம். நடுவில் ஒரு ஸ்வரத்தையாவது விட்டுவிட்டுப் போனால் அது தாவல். ஸ-விலிருந்து க-வுக்கு நாலு ஸ்தானம், சின்னத் தாவல். ம-வுக்கு ஐந்து, ப-வுக்கு ஏழு. மேல் ஸ-வுக்குப் பன்னிரண்டு.

படியின் பக்கம் பெரிய சாட்சிகள் இருக்கின்றன. பேத்தோவன் 1824-இல் வியன்னாவில் அரங்கேற்றிய ஒன்பதாவது சிம்பொனியின் கடைசிப் பகுதியில் வரும் மெட்டை உலகமே முணுமுணுக்கிறது. நம் ஸ்வரத்தில் எழுதினால் அதன் தொடக்கம் இவ்வளவுதான்: க க ம ப, ப ம க ரி, ஸ ஸ ரி க, க ரி ரி. ஒரு தாவல்கூட இல்லை. இருந்த இடத்திலேயே நிற்கிறது, இல்லையென்றால் ஒரு படி ஏறுகிறது, ஒரு படி இறங்குகிறது. முதலில் செல்லோக்களும் டபுள் பேஸ்களும் மட்டும் மெதுவாக, துணையே இல்லாமல் அதை வாசிக்கும். பக்கவாத்தியம் ஏதும் இல்லாத நிலையிலும் மெட்டு தன் காலில் நிற்கிறது. நம் தேசிய கீதமும் ஸ ரி க என்று இரண்டு படி ஏறி, க-விலேயே நெடுநேரம் நின்று, பிறகு ம-வை எட்டிப் பார்க்கிறது. கோடிக்கணக்கான பேர், பாடத் தெரிந்தவரும் தெரியாதவரும், ஒரே நேரத்தில் தொடங்க முடிவதற்கு அந்தத் தொடக்கமும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன். "பஞ்சாப" என்ற இடத்தில் ஸ-விலிருந்து ப-வுக்கு முதல் பெரிய தாவல் வரும்போது கூட்டத்தின் குரல் சூடேறித் தயாராக இருக்கிறது.

கர்நாடக இசையில் பாடம் சொல்லிக்கொடுப்பதிலும் இதே வரிசைதான். சரளி வரிசையில் முழுக்கப் படி. ஜண்டை வரிசையில் அதே படிகளை இரட்டித்து அழுத்திப் பாடுகிறோம். தாட்டு வரிசைக்கு வந்த பிறகுதான் ஸ ம க ம ரி க ஸ ரி என்று தாவச் சொல்கிறார்கள். குரலுக்கு எது முதலில் வரும், எது பின்னால் வரும் என்று நன்றாகத் தெரிந்து வைத்த முறை இது. படியில் போகும்போது தொண்டைக்கு ஒவ்வொரு முறையும் சின்ன மாற்றம் போதும். காதும் முந்தைய ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டே அடுத்ததைத் தேடுகிறது. தவறினாலும் கொஞ்சம்தான் தவறும்.

படியின் குறையும் அங்கேயே இருக்கிறது. என் முதல் மெட்டை நாலு வரிக்கு நீட்டிப் பாடிப் பார்த்தபோது, எந்த வார்த்தைக்கும் தனி எடை இல்லாமல் போய்விட்டது. "மரமே"யும் "வேரை"யும் ஒரே உயரத்தில் போயின. கேட்டவர் தலையாட்டினார், ஆனால் திரும்பப் பாடச் சொன்னால் அவருக்கு எந்த இடமும் நினைவில் நிற்கவில்லை. சரளி வரிசையைப் பாட்டு என்று நாம் யாரும் சொல்வதில்லை அல்லவா, அதே சங்கதிதான். பேத்தோவனுக்கும் இது தெரிந்திருக்கிறது. அந்த மெட்டின் மூன்றாவது அடி முடியும் இடத்தில் ஸ ரி என்று வந்து, சட்டென்று கீழ் ப-வுக்கு விழுந்து, அங்கிருந்து க-வுக்கு ஒரே எழும்பு. அவ்வளவு நேரம் நடந்ததற்குப் பிறகு அந்த ஒரு விழுதலும் எழும்புதலும் உடம்பையே அசைத்துவிடும்.

இனி தாவலின் பக்கம். 1939-இல் வெளியான ஒரு ஹாலிவுட் படத்துக்காக ஹெரால்டு ஆர்லென் போட்ட "ஓவர் தி ரெயின்போ" முதல் வார்த்தையிலேயே ஸ-விலிருந்து மேல் ஸ-வுக்குப் போகிறது. ஊரை விட்டு எங்கோ போக ஏங்கும் ஒரு பெண்ணின் பாட்டு, "எங்கோ" என்ற சொல்லின் நடுவிலேயே ஒரு ஸ்தாயியைத் தாண்டிவிடுகிறது. அந்த ஏக்கத்தை ஸ ரி க ம என்று நடந்து சொல்லியிருந்தால் பாதிகூட வந்திருக்காது. தாவல் முதல் இரண்டு ஸ்வரத்திலேயே முகத்தைக் காட்டிவிடும். பாட்டின் பெயர் தெரியாதவரும் "அந்த மேலே போகுமே, அதுதானே" என்று பிடித்துக்கொள்வார்.

விலையும் உண்டு. பிறந்தநாள் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1893-இல் அமெரிக்காவில் மழலையர் வகுப்புக்காக வெளியான ஒரு காலை வணக்கப் பாட்டின் மெட்டு அது. முதல் வரியில் கீழ் ப-விலிருந்து ஸ-வுக்கு ஐந்து ஸ்தானம் தாவும். இரண்டாம் வரியில் அதே ப-விலிருந்து ரி-க்கு ஏழு. மூன்றாம் வரியில், பிறந்தநாள் கொண்டாடுபவரின் பெயர் வருவதற்கு முன்னால், ப-விலிருந்து மேல் ப-வுக்குப் பன்னிரண்டு. தாவலை இப்படிப் படிப்படியாகப் பெரிதாக்கிய விதம் அழகானது, கட்டமைப்பாகப் பார்த்தால் குறையே சொல்ல முடியாது. ஆனால் கேக்கைச் சுற்றி நிற்கிற கூட்டம் அந்த மூன்றாம் வரியில் என்ன செய்கிறது? பாதிப் பேர் மேலே போகிறார்கள், சிலர் பாதி வழியில் நிற்கிறார்கள், சிலர் வாயை மட்டும் அசைக்கிறார்கள். தொடங்கியவர் கொஞ்சம் உயரமாகத் தொடங்கிவிட்டால் கதை முடிந்தது. அமெரிக்காவின் தேசிய கீதத்துக்கும் இதே சங்கடம்தான். அதன் மெட்டு ஒரு ஸ்தாயியும் அதற்கு மேல் ஒரு ஐந்தாம் ஸ்வரமும் அளவுக்கு விரிகிறது. பிரிட்டன் கீதம் ஒரு ஸ்தாயிக்குள்ளேயே, பெரும்பாலும் படியிலேயே முடிந்துவிடுகிறது. முத்துசுவாமி தீட்சிதர் "சந்ததம் பாஹிமாம்" என்று ஸாஹித்யம் செய்தது இந்த மெட்டுக்குத்தான். மைதானம் நிறையப் பேர் சேர்ந்து பாட இரண்டில் எது தோது என்று கேட்டால் நான் யோசிக்கவே மாட்டேன்.

எல்லாத் தாவலும் ஒரே மாதிரி கஷ்டம் தருவதில்லை. மேல் ஸ-வும் ப-வும் குரலுக்குச் சுலபமாகக் கிடைக்கும், ஏனென்றால் பின்னால் தம்புரா அந்த இரண்டையும் மீட்டிக்கொண்டே இருக்கிறது. எங்கே போய் நிற்க வேண்டுமோ அந்த இடம் காதில் முன்னாலேயே ஒலிக்கிறது. அதிர்வெண் விகிதமும் எளியது: மேல் ஸ-வுக்கு 2:1, ப-வுக்கு 3:2, சுத்த மத்யமத்துக்கு 4:3. அந்த ம-வுக்கு ஒரு ஸ்தானம் மேலே இருக்கும் பிரதி மத்யமத்துக்கு ஸ-விலிருந்து நேராகத் தாவிப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும். ஸ்வரங்களுக்கு இடையில் இருக்கும் உறவை இணை, கிளை, நட்பு, பகை என்று பழந்தமிழிசை பெயரிட்டு வைத்திருக்கிறதே, அந்தச் சொற்கள் எனக்கு ரொம்பப் பிடிக்கும். எத்தனை ஸ்தானம் என்பதைவிட, யார் வீட்டுக்குப் போகிறோம் என்று பார்க்கச் சொல்கிற பெயர்கள் அவை.

இதுவரை இரண்டையும் எதிரெதிராக வைத்தே பேசினேன். என் மனம் மாறியது ஒரு குழந்தைப் பாட்டால். "ட்விங்கிள் ட்விங்கிள்" தெரியாத வீடு இல்லை. அந்த மெட்டு 18-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் இருந்து வந்தது, மோட்சார்ட் அதை வைத்துப் பியானோவுக்குப் பன்னிரண்டு மாற்றங்கள் எழுதியிருக்கிறார். ஸ்வரத்தைப் போடுவோம்: ஸ ஸ ப ப த த ப. அப்புறம் ம ம க க ரி ரி ஸ. முதலில் ஸ-விலிருந்து ப-வுக்கு ஒரு தாவல். அதில் ரி, க, ம மூன்றையும் தாண்டிவிட்டோம். பிறகு த-வை ஒருமுறை தொட்டுவிட்டு ப-வுக்கு வந்து, அங்கிருந்து ம, க, ரி என்று தாண்டிய ஒவ்வொரு ஸ்வரத்தையும் மிதித்துக்கொண்டே ஸ-வில் வந்து உட்காருகிறது. தாவிப் போனதை நடந்து திரும்புகிறது. பதினான்கு ஸ்வரத்தில் ஒரே ஒரு தாவல். மூன்று வயதுக் குழந்தை சுருதி கொஞ்சம் விலகினாலும் மெட்டின் உருவத்தைக் குலைக்காமல் பாடிவிடுகிறதென்றால், காரணம் இந்த அமைப்புதான்.

இதைத் தெரிந்துகொண்டு மறுபடி "ஓவர் தி ரெயின்போ"வைப் பார்த்தால் அதே கதை. ஸ, மேல் ஸ என்று தாவிய பிறகு நி-க்கு ஒரு படி இறங்கி, ப-வுக்கு வந்து, த நி ஸ என்று படியேறுகிறது. தாவி விட்டுப்போன இடத்தின் மேல்பாதியை நடந்து நிரப்புகிறது. வியன்னாவில் யோஹான் யோசஃப் ஃபுக்ஸ் 1725-இல் வெளியிட்ட எதிரிசைப் (பல மெட்டுகளை ஒரே நேரத்தில் இணைத்து எழுதும் கலை) பாடநூலும் இதே வழியைத்தான் கற்றுத் தருகிறது. பெரும்பாலும் படியில் போ, தாவினால் எதிர்த்திசையில் படியாகத் திரும்பு. இசையமைப்பாளர் ஹைடன் ஆசிரியர் துணையின்றி அந்தப் புத்தகத்தை வைத்துத்தான் கற்றுக்கொண்டார்.

இந்த விதியைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றவும் வேண்டாம். பால் வான் ஹிப்பல், டேவிட் ஹ்யூரன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2000-இல் இதை எண்ணிப் பார்த்து ஒரு கட்டுரை எழுதினார்கள். தாவலுக்குப் பிறகு மெட்டு திரும்புவதற்குக் காரணம் பெரும்பாலும் குரலின் எல்லைதான் என்பது அவர்கள் முடிவு. மேலே தாவினால் அநேகமாக எல்லைக்குப் பக்கத்தில் போய் நிற்போம், அங்கிருந்து இறங்கத்தான் இடம் இருக்கும். தாவி வந்து நடு ஸ்தாயியில் நின்றால் திரும்ப வேண்டிய கட்டாயம் அவ்வளவாக இல்லை. மெட்டுப் போடுகிறவருக்கு இது ரொம்ப உபயோகமான செய்தி. எங்கிருந்து தாவுகிறோம் என்பதோடு, எங்கே போய் விழுகிறோம், விழுந்த இடத்தில் இரண்டு பக்கமும் எவ்வளவு இடம் இருக்கிறது என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தாவலுக்குள்ளேயே படி ஒளிந்திருக்கவும் முடியும். பாக் தனிச் செல்லோவுக்கு எழுதிய முதலாவது ஸ்வீட்டின் (பல பகுதி கொண்ட இசைத்தொகுப்பு) முதல் பகுதியைக் கேட்டுப் பாருங்கள். வில் ஒரு நரம்பிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும், மேலோட்டமாகப் பார்த்தால் தாவலைத் தவிர அதில் ஒன்றுமே இல்லை. ஆனால் முதல் நாலு பாருக்கு (தாளக் கட்டத்துக்கு) ஒவ்வொன்றிலும் கீழே, நடுவே, மேலே என்ன ஸ்வரம் நிற்கிறது என்று மட்டும் எடுத்து எழுதினால்: கீழே ஸ ஸ ஸ ஸ, தம்புரா மாதிரி. நடுவில் ப த நி ஸ. மேலே க ம ம க. மூன்று கோடு, மூன்றும் நிற்கிறது அல்லது படியில் நடக்கிறது. ஒரே செல்லோ மூன்று பேர் பாடுவது போலக் கேட்பதன் ரகசியம் இதுதான். வேகமாக மாறி மாறி வரும் மேல் ஸ்வரங்களையும் கீழ் ஸ்வரங்களையும் காது தனித்தனி ஓடைகளாகப் பிரித்துக்கொள்கிறது. ஜெர்மன் இசையைப் பற்றி எழுதிய ஹைன்ரிச் ஷெங்கர், பெரிய படைப்புகளின் அடியில் இப்படி ஒரு நீண்ட படிக்கோடு ஓடுகிறது என்பதையே தன் வாழ்நாள் வேலையாக நிறுவப் பார்த்தார். அவர் சொன்னது எல்லா இசைக்கும் பொருந்தும் என்று நான் நம்பவில்லை, ஆனால் என் மெட்டில் உச்சி ஸ்வரங்களை மட்டும் வரிசையாக எழுதிப் பார்க்கும் பழக்கம் எனக்கு இதிலிருந்துதான் வந்தது. அவை தாறுமாறாக இருந்தால் மெட்டும் தாறுமாறாகவே கேட்கும்.

ராகத்தில் இறங்கினால் எது படி, எது தாவல் என்பதே மாறிவிடும். தமிழ்த்தாய் வாழ்த்து அமைந்த மோகனத்தில் ம-வும் நி-யும் கிடையாது. க-விலிருந்து ப-வுக்கு மூன்று ஸ்தானம், த-விலிருந்து மேல் ஸ-வுக்கும் மூன்று. கணக்குப்படி அது சங்கராபரணத்தில் தாவல். மோகனத்தில் வளர்ந்த காதுக்கோ அது பக்கத்து வீடு. மாயாமாளவகௌளையில் ரி-யிலிருந்து க-வுக்கும் அதே மூன்று ஸ்தானம்தான். ஃபுக்ஸ் வழி வந்த பாடமுறை இந்த இடைவெளியைக் குரலுக்கு ஆகாது என்று விலக்கிவைக்கிறது. நாமோ முதல் பாடமே அந்த ராகத்தில்தான் தொடங்குகிறோம், பிள்ளைகளும் பாடிவிடுகிறார்கள். ஆகவே வெறும் ஸ்தானத்தை எண்ணி முடிவு எடுக்காதீர்கள். உங்கள் ராகத்தின் ஆரோகண அவரோகணத்தில், அதாவது ஏறுவரிசை இறங்குவரிசையில், பக்கத்தில் இருப்பது படி, அவ்வளவுதான்.

ஜாரு என்று மூன்றாவதாக ஒரு வழியும் நம்மிடம் இருக்கிறது. ஸ-விலிருந்து ப-வுக்கு இடையில் எதையும் தனியாகத் தொடாமல், எதையும் விடாமலும் வழுக்கிக்கொண்டு போவது. வீணையிலும் வயலினிலும், பயின்ற குரலிலும் அது தேன். ஐம்பது பிள்ளைகளிடம் கொடுத்தால் ஐம்பது வேகத்தில் வழுக்கும். ஹார்மோனியத்தால் அதை வாசிக்கவும் முடியாது. என் வேலைக்கு அது ஒத்துவராது என்று உடனே தள்ளிவைத்தேன்.

என்னை நெடுநேரம் பிடித்து வைத்தது குறில் நெடில். இசைக் கோட்பாட்டுப் புத்தகங்களில் இதைப் பார்க்க முடியாது, தமிழில் மெட்டுப் போட்டால் தினமும் இடிக்கும். தாவிப் போய் நிற்கிற ஸ்வரத்தில் குரல் கொஞ்சம் இளைப்பாற விரும்பும், தன்னையறியாமல் நீளும். அங்கே நெடில் இருந்தால் சுகம். குறில் இருந்தால் அது இழுபட்டு நெடிலாகிவிடும், தமிழில் அதோடு சொல்லே மாறிப்போகும். படம் பாடமாகும், கல் காலாகும். "விழாத" என்ற சொல் தாவலுக்கென்றே செய்தது மாதிரி அமைந்தது தற்செயல்தான்: "வி" கீழே குறிலாக ஒரு தட்டு, "ழா" மேலே நெடிலாக நீளம். படி மெட்டில் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை, எந்த எழுத்தும் எங்கும் உட்காரும். நிறையச் சரணம் இருக்கிற பாட்டுக்கு இது பெரிய வசதி. ஒவ்வொரு சரணத்திலும் தாவல் விழும் இடத்தில் நெடில் வைத்து எழுத முடியுமா என்று மெட்டு போடும்போதே யோசித்துவிட வேண்டும்.

சரி, எதை எடுப்பது? யார் பாடப்போகிறார்கள் என்பதில்தான் நான் தொடங்குவேன். பயிற்சி பெற்ற ஒருவர் தனியாகப் பாடுவதானால், உணர்ச்சி மிகுந்த ஒரு சொல்லுக்குப் பெரிய தாவலைத் தயங்காமல் கொடுங்கள், அதை நடந்து நிரப்புங்கள். கூட்டமாகப் பாடுவதானால் படிதான் தரை. அதில் ஒரே ஒரு தாவல், அதுவும் தம்புராவில் ஒலிக்கிற ஸ்வரத்துக்கு, மூச்சு எடுத்த உடனே வரும் இடத்தில். கருவியில் வாசிக்கத்தான் என்றால் இந்தக் கட்டுப்பாடு ஏறக்குறைய தேவையில்லை. புல்லாங்குழலில் அதே விரல் வைப்பில் ஊதும் வேகத்தைக் கூட்டினாலே மேல் ஸ்தாயி பேசும், கீபோர்டில் கையைத் தூக்கி வைத்தால் போதும். குரலுக்கென்று எழுதும் மெட்டைக் கீபோர்டிலேயே கண்டுபிடிப்பவர்கள் தாவலை அள்ளி வீசுவது இதனால்தான் என்பது என் எண்ணம். வாசித்துக் கண்டுபிடித்தாலும், பாடிப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள்.

என் இரண்டு மெட்டையுமே நான் எடுக்கவில்லை. மேல் ஸ-வை விட்டுவிட்டு, "வி"யை ஸ-விலும் "ழா"வை ப-விலும் வைத்தேன். "த மரமே"வுக்கு த ப ம க என்று வந்து, "வேரைக் காட்டு"க்கு ம க ரி ஸ என்று படியிறங்கி வீடு சேர்ந்தது. முதல் ஒத்திகையில் ஹார்மோனியத்தில் ஸ-வையும் ப-வையும் சேர்த்து அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். பிள்ளைகள் இரண்டாவது முறையே பிடித்துவிட்டார்கள். பின்வரிசையில் சத்தமே போடாமல் நின்ற இரண்டு பையன்களும் "ழா" வரும்போது மட்டும் வாயைத் திறந்தார்கள், மூன்றாவது முறை முழு வரியையும் பாடினார்கள்.

இரண்டாவது சரணத்தில்தான் மாட்டிக்கொண்டேன். "பனியில் நனைந்து நின்றாய் நீயே" என்று எழுதியிருந்தேன். தாவல் "னி" மேல் விழுந்தது. ஐம்பது பேரும் சேர்ந்து "பனீயில்" என்றார்கள். திருத்தினேன், மறுபடியும் "பனீயில்". தப்பு அவர்களுடையதில்லை, ப-வில் போய் நின்றால் குரல் நீளத்தான் செய்யும். அந்தச் சரணத்துக்கு மட்டும் மெட்டைப் படியாக மாற்றலாமா என்று கொஞ்ச நேரம் ஹார்மோனியத்தில் தடவிப் பார்த்தேன். முன்வரிசையில் இருந்த ஒரு சிறுமி, "பனி வேண்டாம் சார், நிலா வைக்கலாமே" என்றாள். "நிலாவில் நனைந்து நின்றாய் நீயே." குறில் கீழே, நெடில் மேலே. விழா அன்றும் அப்படியே பாடினோம்.